டெர்ராவின் பழி யாரைச் சேரும்? 'நியூ டீன் டைட்டன்ஸ்' மறுவாசிப்பில் ஓர் ஐயம்

மாமாகடை வாசகன் எழுதியது:

வணக்கம். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்றே வளர்ந்தவர்களை இரும்புக்கை மாயாவியிடமிருந்து சற்று நேரம் பிரித்து, ஓர் அமெரிக்க இதழின் பக்கம் அழைத்துச் செல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். சில வாரங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை, அந்தக் கதையைப் படித்தவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

1984இல் நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்கின் கீழே இருந்த மாமா கடையில் குமுதத்துக்கும் மலாய் சஞ்சிகைகளுக்கும் நடுவே, துணி காயவைக்கும் கிளிப் போட்டு அமெரிக்க காமிக்ஸ்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். எந்த மாதம் எந்த இதழ் வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது; ஒரு கதையின் தலை கிடைத்தால் வால் கிடைக்காது. அப்படித்தான் மார்வ் வுல்ஃப்மேன் எழுதி ஜார்ஜ் பெரேஸ் வரைந்த டீன் டைட்டன்ஸ் கதைகளில் 'தி ஜூடஸ் கான்ட்ராக்ட்' என்ற நான்கு பாகக் கதையின் முதல் மூன்று பாகங்கள், அதாவது 42, 43, 44ஆம் இதழ்கள், என் கைக்கு வந்தன. நான்காம் பாகம் ஆண்டுமலராக வெளிவந்தது. அது எங்கள் கடைக்கு வரவே இல்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்மேனின் ராபின், ஃபிளாஷின் கிட் ஃபிளாஷ், வொண்டர் வுமனின் வொண்டர் கேர்ள் போன்ற சிஷ்யப்பிள்ளைகள் தங்கள் குருமார்களை விட்டு விலகித் தாங்களே ஒரு குழுவாக இயங்குவதுதான் டைட்டன்ஸின் அடிப்படை. 1980இல் வுல்ஃப்மேனும் பெரேஸும் அதைப் புதுப்பித்தபோது ஸ்டார்ஃபயர், ரேவன், சைபோர்க் என்ற மூன்று புதிய பாத்திரங்களையும், முன்பு பீஸ்ட் பாய் என்று அறியப்பட்ட சேஞ்ச்லிங்கையும் சேர்த்தார்கள். 1982 இறுதியில், 26ஆம் இதழில், நிலத்தையும் பாறையையும் தன் எண்ணத்தால் அசைக்கவல்ல டாரா மார்கோவ் என்ற சிறுமி சுதந்திர தேவி சிலையைத் தாக்கியபடி அறிமுகமாகிறாள். டைட்டன்ஸ் அவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். டெர்ரா என்ற பெயரில் அவள் அவர்களோடு வாழ்கிறாள். சேஞ்ச்லிங் அவள்மீது மனம் வைக்கிறான். ஆனால் அவள் தொடக்கம் முதலே டெத்ஸ்ட்ரோக் என்ற கூலிப்படையாளின் உளவாளி. கண்ணுக்குள் அணிந்த வில்லையில் ஒளிப்படக் கருவியைப் பொருத்திக்கொண்டு, உடன் உண்டு உறங்கியவர்களை ஒவ்வொருவராக அவள் படம் பிடித்து அனுப்பும் 42ஆம் இதழ் இன்றும் என் மயிரைச் சிலிர்க்க வைக்கிறது.

பதினான்கு வயதில் எனக்கு அவள் துரோகி. அவ்வளவுதான். அப்படியும் மனம் ஒப்பாமல், கிடைக்காத நான்காம் பாகத்தை நானே ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அதில் டெர்ரா கடைசி நேரத்தில் மனம் மாறி சேஞ்ச்லிங்கைக் காப்பாற்றிவிடுவாள். பின்னர் தேசிய சேவை எனும் கட்டாய இராணுவப் பணியில் இருந்தபோது, 1988இல் வெளிவந்த தொகுப்பு நூலை முகாம் நண்பர் ஒருவர் கொடுத்தார். உண்மையான முடிவில் டெர்ரா மனம் மாறவில்லை. டெத்ஸ்ட்ரோக் தன்னைக் கைவிட்டுவிட்டதாக எண்ணி வெறிகொண்டு, தானே புரட்டிய பாறைகளுக்கு அடியில் புதைந்து சாகிறாள். என் முடிவு சிறுபிள்ளைத்தனமானது என்று அன்று தோன்றியது.

இப்போது எனக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சென்ற மாதம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே தொகுப்பைக் கண்டதும் வாங்கி வந்து, ஒரே இரவில் படித்து முடித்தேன். அன்று நான் தாண்டிப்போன ஒரு செய்தி இப்போது பக்கத்துக்குப் பக்கம் உறுத்தியது. டெர்ராவுக்குப் பதினைந்து பதினாறு வயது. டெத்ஸ்ட்ரோக் ஆகிய ஸ்லேட் வில்சன் தலை நரைத்தவர். திருமணமாகி, வளர்ந்த மகன்களைப் பெற்றவர். அவர்களுக்கிடையே இருப்பது குரு சிஷ்ய உறவு மட்டுமன்று என்பதை அந்த இதழ்கள் மறைக்கவும் இல்லை. அவள் பெரியவர்கள் அணியும் மேலங்கியோடும் கனத்த ஒப்பனையோடும் சிகரெட் பிடிக்கும் காட்சியை, பதினான்கு வயதில் 'கெட்ட பெண்' என்பதற்கான அடையாளமாகப் படித்தேன். ஒரு தந்தையாகப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. கார்ட்டூன் நெட்வொர்க்கின் 2003ஆம் ஆண்டு டீன் டைட்டன்ஸ் தொடரை இணையத்தில் தேடிப் பார்த்தவள். அதில் டெர்ராதான் அவளுக்கு மிகவும் பிடித்தவள். மேசைமேல் தொகுப்பைக் கண்டதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. அதைவிட என்னைக் குடைவது மற்றொன்று: இந்தக் கதையை எழுதியவர்கள் உண்மையிலேயே அந்தச் சிறுமியைத்தான் குற்றவாளி என்று எண்ணினார்களா, அல்லது நாம்தான் அப்படிப் படித்தோமா?

---

ஈசூன் பெரியவர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கு நேரே வருவதற்கு முன் சற்றுப் பின்னால் போக அனுமதியுங்கள். உங்களைவிடப் பத்து வயது மூத்தவன் என்பதால் எனக்கு டைட்டன்ஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாப் ஹேனி எழுதிய பழைய வரிசைதான்.

1964இல் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 54ஆம் இதழில் ராபின், கிட் ஃபிளாஷ், அக்வாலாட் ஆகிய மூவரும் முதன்முறையாகச் சேர்ந்தபோது குழுவுக்குப் பெயர்கூட இல்லை. அந்தக் கதையில் ஓர் ஊரின் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் இடையே சண்டை. மூத்தோர் பிள்ளைகளை நம்புவதில்லை, பிள்ளைகள் மூத்தோரை மதிப்பதில்லை. மறு ஆண்டு 60ஆம் இதழில் வொண்டர் கேர்ள் சேர்ந்தாள், டீன் டைட்டன்ஸ் என்ற பெயரும் வந்தது. 1966இல் தனி இதழ் தொடங்கியபோது முதல் கதையிலேயே பிள்ளைகள் 'பீஸ் கோர்' எனும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பினருக்கு உதவத் தென்னமெரிக்காவுக்குப் போனார்கள். நிக் கார்டியின் ஓவியங்கள் இன்றைக்கும் அழகு. உரையாடலோ இன்றைக்குப் படித்தால் சிரிப்பை அடக்க முடியாது: நடுவயது மனிதர் ஒருவர் இளைஞர்களின் கொச்சைமொழியைச் செவிவழியாகக் கேட்டு எழுதியிருப்பது வரிக்கு வரி தெரியும். நம் ஊர் மேடை நாடகங்களில் ஐம்பது வயதுக்காரர் கல்லூரி மாணவராக வந்து பேசுவதைப் போல.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், துணைநாயகர்கள் என்ற ஏற்பாடே பெரியவர்களின் பொறுப்பைப் பற்றிக் கேள்வி கேட்காமல் இருந்தால்தான் நடக்கும். 1940இல் ராபினைப் படைத்தபோது, சிறுவர்களும் வாங்கட்டும் என்று ஒரு சிறுவனைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு பெரிய மனிதர் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு வண்ண உடை மாட்டித் துப்பாக்கிக்காரர்கள் முன் கொண்டுபோய் நிறுத்துவது சரியா என்று எவரும் கேட்கவில்லை. நம் அபிமன்யுவும் பதினாறு வயதுப் பிள்ளைதான். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் பெரியப்பா தருமர் அவனைப் போகச் சொன்னார். வீரம் என்று பாடுகிறோம், அனுப்பியவரைக் கேட்பதில்லை.

வுல்ஃப்மேனும் பெரேஸும் செய்த பெரிய காரியம், பிள்ளைகள் அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியேறலாம் என்று காட்டியதுதான். 39ஆம் இதழில் டிக் கிரேசன் ராபின் உடையைக் கழற்றி வைத்துவிடுகிறான், கிட் ஃபிளாஷான வாலி வெஸ்ட் குழுவை விட்டே போய்விடுகிறான். நீங்கள் படித்த அதே 44ஆம் இதழில்தான் டிக் முதன்முதலாக நைட்விங் என்ற பெயரில் எழுகிறான். அந்தப் பெயர்கூட பேட்மேனிடமிருந்து வந்ததன்று, சூப்பர்மேன் கேண்டர் நகரத்தில் பயன்படுத்திய பெயர். அதாவது அதே கதைக்குள் குருவை விட்டுப் பிரிந்து தன் காலில் நிற்கும் ஒரு சிஷ்யனும், குருவை விட்டுப் பிரிய முடியாமல் மண்ணுக்குள் போகும் ஒரு சிஷ்யையும் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். எழுதியவர் இதை எண்ணித்தான் செய்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். கதையில் இருக்கிறது, அதுபோதும்.

மகளுக்குக் கொடுங்கள். ஆனால் 38ஆம் இதழில் தொடங்குங்கள். வொண்டர் கேர்ளான டோனா டிராயின் பிறப்பைத் தேடி டிக் துப்பறியும் அந்த இதழில் வில்லனும் இல்லை, சண்டையும் இல்லை. எரிந்துபோன ஓர் அடுக்குமாடி வீடும், பழைய பொம்மை ஒன்றும், ஓர் அனாதை இல்லமும், முடிவில் தன்னை வளர்த்த தாயைக் காணும் பெண்ணும் மட்டுமே. நான் படித்த அமெரிக்க இதழ்களில் அதற்கு இணை சொல்ல எனக்கு வேறு இல்லை.

---

வகுப்பறைச் சன்னல் எழுதியது:

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். கேள்வி கேட்டவரின் மகள் வயதுடைய மாணவிகளோடுதான் என் நாள் கழிகிறது. பெரியவர் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன், ஆனால் எழுதியவரின் நோக்கம் நமக்குத் தெரியாது என்பதை ஏற்க இயலவில்லை. அந்த ஆண்டுமலர் தன் நோக்கத்தை மிக வெளிப்படையாகச் சொல்கிறது.

டெர்ரா வெறிகொண்டு பாறைகளைப் பெயர்க்கும் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். படங்களுக்கு நடுவே கதைசொல்லியின் குரலில் வரும் வாசகம், அவள் பதினாறு வயதைச் சற்றே கடந்தவள் என்று சொல்லிவிட்டு, அவளுடைய பித்துக்கு அவளைத் தவிர வேறு எவரும் காரணமில்லை என்றும், வெறுப்பதற்கு எவரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை என்றும் தீர்ப்பு வழங்குகிறது. கவனியுங்கள்: இதைச் சொல்வது எந்தப் பாத்திரமும் அன்று. பாத்திரம் சொல்லியிருந்தால் அது அந்தப் பாத்திரத்தின் கருத்து என்று நாம் விலகி நிற்கலாம். கதைசொல்லியே வந்து நம் காதில் ஓதும்போது, பதினான்கு வயது வாசகனுக்கு வேறு வழி இல்லை. அக்காலத்தில் நீங்கள் தவறாகப் படிக்கவில்லை, ஐயா. அப்படித்தான் படிக்கச் சொன்னார்கள்.

அவள் சாவதற்காகவே படைக்கப்பட்டவள் என்பதை வுல்ஃப்மேனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அக்கால எக்ஸ்மென் இதழ்களில் கிட்டி பிரைட் என்ற இளம்பெண் வாசகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தாள். ஒரு குழுவில் புதிதாகச் சிறுமி ஒருத்தி சேர்ந்தால் அவள் நல்லவளாகத்தான் இருப்பாள் என்ற வாசகரின் பழக்கத்தைத் தலைகீழாக்குவதுதான் திட்டம். பெரேஸ் அவளுக்குப் பேரழகியின் முகத்தைக் கொடுக்காமல், சற்றே எடுப்பான முன்பற்களோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல வரைந்தது நாம் அவளை நம்ப வேண்டும் என்பதற்காகத்தான். கைவினை என்ற அளவில் அது மிகச் சிறப்பாகப் பலித்தது. அந்தப் பலிப்புக்கு விலையாக, வளர்ந்த ஒரு மனிதரின் குற்றம் முழுவதும் ஒரு சிறுமியின் 'இயல்பான தீமை'யாக எழுதப்பட்டுவிட்டது.

இதில் என்னை அதிகம் கோபப்படுத்துவது ஆண்டுமலர் அன்று, அதற்குப் பின் வந்தவை. மறு ஆண்டு சேஞ்ச்லிங் பழிவாங்கச் செல்லும் இதழில், ஸ்லேட் முகமூடி இல்லாமல் அமர்ந்து நிதானமாகத் தம் தரப்பைச் சொல்ல இடம் கிடைக்கிறது. 1991இல் அவரையே நாயகராக வைத்துத் தனி இதழ் தொடங்கினார்கள். அதையும் எழுதியவர் வுல்ஃப்மேன்தான். அவருக்குத் தொடர், அவளுக்குக் கல்லறை. அந்தக் கதையின் முகப்பு அட்டைகளில் மூலையில் பாருங்கள், காமிக்ஸ் கோட் என்ற தணிக்கைக் குழுவின் முத்திரை இருக்கும்: குழந்தைகளுக்கு ஏற்றது என்று பெற்றோருக்கு உறுதியளிக்கும் முத்திரை. குறிப்பால் சொல்லப்பட்ட உறவை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. பாவிக்குத் தண்டனை கிடைத்துவிட்டதால் திருப்தி அடைந்திருப்பார்கள் போலும்.

கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: கொடுங்கள், ஆனால் பக்கத்தில் இருங்கள். என் மாணவிகளில் ஒருத்தி, 'அந்த அண்ணன் என்னைப் பெரியவளாக மதிக்கிறார், டீச்சர்' என்று ஒருமுறை சொன்னாள். அந்த அண்ணனுக்கு முப்பது வயதுக்குமேல். ஸ்லேட்டும் டெர்ராவிடம் அதைத்தான் செய்கிறார், அவளைப் பெரியவளாக நடத்துகிறார். இதைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கதையில் தாங்களாகவே கண்டால் பிடித்துக்கொள்வார்கள்.

---

பெட்டி எண் 7 எழுதியது:

நடுவில் ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். 1988 தொகுப்பின் ஒட்டுப்பசை இந்நேரம் காய்ந்து உடையத் தொடங்கியிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அந்தத் தாள் விருந்து. என்னிடம் உள்ளதை விரித்த மறுகணம் நடுவிலிருந்து எட்டுப் பக்கங்கள் தனியே வந்துவிட்டன. மகள் கையில் கொடுப்பதற்கு அண்மைக்கால மறுபதிப்பைத் தேடுங்கள்; வட்டார நூலகங்களின் வரைகதைப் பிரிவிலும் பார்க்கலாம். பழைய பதிப்பை நெகிழி உறையில் இட்டு, பின்னால் அட்டை வைத்து, சமையலறையிலிருந்து தொலைவில் வையுங்கள். மற்றபடி, 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தையை மூடியதற்குப் பிறகு தனி இதழ்களை இரண்டு வெள்ளிக்கு வாங்கும் காலம் போயே போய்விட்டது.

---

கூலிப்படை ரசிகன் எழுதியது:

அனைவரும் ஒரே பக்கமாகச் சாய்வதால் எதிர்ப்பக்கம் நின்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

டெர்ராவை முற்றிலும் பாதிக்கப்பட்டவளாக மாற்றினால் கதையில் என்ன மிஞ்சும்? 2003 தொடரில் அதைத்தான் செய்தார்கள். அங்கே அவள் தன் ஆற்றலைக் கட்டுப்படுத்தத் தெரியாத பயந்த சிறுமி. ஸ்லேட் அவளை ஏமாற்றி வசப்படுத்துகிறார். இறுதியில் நண்பர்களைக் காப்பாற்றிக் கல்லாகிறாள். நல்ல கதைதான், நானும் கண் கலங்கினேன். ஆனால் மூலக்கதையின் டெர்ரா ஏமாந்தவள் அல்லள். அவள் சினத்தோடு பேசுவாள், கேலி செய்வாள், டைட்டன்ஸின் நல்லெண்ணமே அவளுக்கு அருவருப்பாக இருக்கும். காமிக்ஸ் உலகில் சிறுமிகளுக்கு அதுவரை அனுமதிக்கப்படாத ஒரு கோபம் அது. அதை 'அவளுக்குத் தெரியாது, பாவம்' என்று துடைத்துவிட்டால், ஆசிரியை அம்மா கண்டிக்கும் அந்தக் கதைசொல்லியைப் போலவே நாமும் அவளைப் பேசவிடாமல் செய்கிறோம் என்றே நினைக்கிறேன்.

ஸ்லேட் பாத்திரத்தையும் முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். அவர் டைட்டன்ஸுக்கு எதிரான இந்த ஒப்பந்தத்தை ஏற்றதே, இரண்டாம் இதழில் இறந்த தம் மகன் கிராண்ட் முடிக்காமல் விட்ட வேலையை முடிப்பதற்காகத்தான். 44ஆம் இதழில் அவருடைய முன்னாள் மனைவி அடலின் வந்து அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது, மற்றொரு மகன் ஜோசப்பின் குரல் அவருடைய அகந்தையால்தான் போனது என்று அறிகிறோம். ஜெரிகோ என்ற பெயரில் வரும், பேச முடியாத அந்த ஜோசப்தான் இறுதியில் தந்தையின் உடலுக்குள் புகுந்து அவரை டெர்ராவுக்கு எதிராகத் திருப்புகிறான். ஒரு தந்தை தன் பிள்ளைகளுக்குச் செய்த கேடு திரும்பி வருவதுதான் அந்த உச்சக்காட்சி. இதை எழுதியவருக்குப் பெரியவர்களின் குற்றம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

பழிபோடுவதில் வாசகர்களான நம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1988இல் ராபின் உடைக்கு அடுத்து வந்த ஜேசன் டாட் சாக வேண்டுமா வாழ வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், வாழட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு அழைப்பு வித்தியாசத்தில் ஒரு சிறுவனைக் கொன்றவர்கள் எழுத்தாளர்கள் அல்லர்.

---

வகுப்பறைச் சன்னல் எழுதியது:

சினத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். என் பதிவில் அதை எடைபோடத் தவறிவிட்டேன். ஆனால் ஒன்று. அடலின் வந்து ஸ்லேட்டின் கதையைச் சொல்வதற்கு அந்த இதழில் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது: இராணுவம், மருந்துச் சோதனை, திருமணம், மகன்கள் என்று ஒரு முழு வாழ்க்கை. டாரா மார்கோவின் சினம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல அந்த நான்கு பாகங்களில் ஒரு பக்கம்கூட இல்லை. அவள் ஓர் அரசரின் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகள் என்பதும், நாட்டை விட்டு அனுப்பப்பட்டவள் என்பதும் கதைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, காரணமில்லாத வெறுப்பு என்று எழுதுகிறது. காரணம் இல்லை என்பதற்கும், கேட்கவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் சொல்கிறேன்.

---

கூலிப்படை ரசிகன் எழுதியது:

அம்மா, அந்த ஓர் இடத்தில் எனக்கு மறுமொழி இல்லை. ஆண்டுமலரை எடுத்து மறுபடி பார்த்தேன். பாறைகளுக்கு நடுவே பெரேஸ் வரைந்த அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது சினத்தைவிட அச்சம்தான். ஓவியர் ஒன்றைச் சொல்கிறார், வாசகம் வேறொன்றைச் சொல்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் வாசகத்தை மட்டும் படித்திருக்கிறேன்.

---

மாமாகடை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரியவர் ஐயாவின் சொற்படி 38ஆம் இதழைத்தான் முதலில் கொடுக்க எண்ணினேன்; ஆனால் நான் வேலையிலிருந்து வருவதற்குள் மகள் தொகுப்பை எடுத்துப் பாதிக்குமேல் படித்துவிட்டாள். நெகிழி உறைக்காரர் எச்சரித்தபடி நான்கு பக்கங்கள் கழன்றும் விட்டன.

ஆசிரியை அம்மா சொன்னதற்கேற்பப் பக்கத்தில் அமர்ந்துகொண்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சிகரெட் பிடிக்கும் காட்சியில் அவள் நின்று, 'அப்பா, இந்த ஸ்லேட்டுக்கு என்ன வயது?' என்று கேட்டாள். சரியாகத் தெரியாது, ஆனால் நரைத்த தலையைப் பார் என்றேன். 'உங்களைவிட நரை அதிகம்' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து படித்தாள். அதற்குப் பிறகு ஸ்லேட்டின் பெயரைச் சொல்லவே இல்லை, 'அந்த அங்கிள்' என்றே குறிப்பிட்டாள், அதுவும் ஒருவிதமான குரலில்.

ஆண்டுமலரின் வாசகம் வந்தபோது வாய்விட்டு இரண்டு முறை படித்தாள். 'இதை யார் சொல்வது?' என்றாள். கதைசொல்லி என்றேன். 'அவர் அந்த அறையில் இருந்தாரா?' என்று கேட்டாள். இல்லை என்பதைத் தவிர என்ன சொல்வதென்று எனக்குத் தோன்றவில்லை. மூலக்கதையின் டெர்ரா தன் கார்ட்டூன் டெர்ராவைவிட மோசமானவள் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. மோசமானவளாக இருந்தாலும் இப்படி எழுதியிருக்கக் கூடாது என்பதிலும் ஐயமில்லை. கூலிப்படை ரசிகரும் ஆசிரியை அம்மாவும் மூன்று நாளாகப் பேசியது அவளுக்கு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது என்று சொன்னால் இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு நோட்டில் நான் எழுதிய முடிவைப் பற்றியும் சொன்னேன். அந்த நோட்டு குவீன்ஸ்டவுன் வீட்டைக் காலி செய்தபோது பழைய தாள்காரரிடம் போய்விட்டது. நினைவில் இருந்ததைச் சொல்லக் கேட்டவள், டெர்ரா மனம் மாறுவதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் முடிவில் டெர்ரா இரு தரப்பையும் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறாளாம். எவரையும் காப்பாற்றவும் இல்லை, எவரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சேஞ்ச்லிங்கிடமாவது விடைபெறுவாளா என்று கேட்டேன். அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். சனிக்கிழமை 38ஆம் இதழைத் தேடி இருவரும் பிராஸ் பாசாவுக்குப் போகிறோம். எந்தக் கடையில் கிடைக்கும் என்று அறிந்தவர்கள் சொல்லவும்.